நமக்குத் தேவை 40 மீட்டர்தான்: சிங்கப்பூரில் தெர்மல் மோனோகுலர் வாங்குவது பற்றி

இருட்டிலும் உடல் வெப்பத்தைப் படமாக்கிக் காட்டும் ஒற்றைக்கண் நோக்கிதான் தெர்மல் மோனோகுலர். எதை எடுத்தாலும் பெட்டியின்மேல் முதலில் கண்ணில் படுவது ஒரு தூரக் கணக்கு. 700 மீட்டர், 1,000 மீட்டர் என்று போட்டிபோட்டு அச்சடித்திருப்பார்கள். பக்கத்தில், பனி படர்ந்த வயலில் ஒரு காட்டுப்பன்றி நிற்கும். படத்தில் பொய் ஏதுமில்லை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் திறந்தவெளியில் இரவு வேட்டைக்குப் போகிறவர்கள்தான் இந்தக் கருவிகளின் முதல் வாடிக்கையாளர்கள். லென்ஸும் மெனுவும் அவர்களுக்காகவே அமைகின்றன. அதே கருவியைப் பாசிர் ரிஸ் பூங்காவின் அலையாத்திப் பலகைப்பாதையில் நின்று தூக்கினால், 15 மீட்டரிலேயே முதல் மரக்கூட்டம் வந்து மறித்துக்கொள்ளும். மீதி 985 மீட்டருக்குக் கொடுத்த காசு வீண்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் வேட்டைக்கு இடமே இல்லை. 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி விலங்கைக் கொல்வது, பிடிப்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். பாதுகாக்கப்பட்ட இனமென்றால் 50,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை. தீனி போட்டாலே முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை போகும். ஆகவே இந்த மதிப்பீடு பார்வையாளருக்கானது: மரநாய், ஆந்தை, மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கொலுகோ, சருகுமான், அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்கு. உரிமத்தோடு வெளிநாடு போய் வேட்டையாடுகிறவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

எங்கே பார்ப்பது என்பதும் கருவியைத் தீர்மானிக்கும். புக்கிட் தீமாவும் சுங்கை பூலோவும் இரவு 7 மணிக்கு மூடிவிடுகின்றன. மிஞ்சுவது பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்கள், பழைய ரயில்பாதையான ரயில் காரிடார், அதற்கென உள்ள இடத்தில் கூடாரம் போட்டால் புலாவ் உபின் தீவு. எல்லாமே நெருக்கமான மரங்கள், குறுகலான பாதைகள். 60 மீட்டர் தெளிவாகப் பார்க்கக் கிடைத்தால் அதுவே பெரிய வெளி.

இங்கே எடுத்துக்கொண்டவை மூன்று. ஹிக்மைக்ரோ லின்க்ஸ் புரோ வரிசையில் எல்இ10, எல்எச்15. பல்சார் நிறுவனத்தின் ஆக்சியான் 2 எக்ஸ்கியூ35. எல்இ10-இல் 256×192 பிக்சல், 10 மி.மீ. லென்ஸ். எல்எச்15-இல் 384×288 பிக்சல், 15 மி.மீ. லென்ஸ். இரண்டிலும் ஒரு பிக்சலின் அகலம் 12 மைக்ரான். ஆக்சியானில் 384×288 பிக்சல், 17 மைக்ரான், 35 மி.மீ. லென்ஸ். விலையும் ஏறக்குறைய இந்த வரிசையிலேயே ஏறுகிறது. ஆனால் இந்த ஊருக்குப் பொருந்துவதைக் கேட்டால் வரிசை மாறிவிடும்.

பிக்சல் அகலத்தை லென்ஸின் குவியநீளத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் எத்தனை மில்லிரேடியன் பார்க்கிறது என்று வரும். ஒரு மில்லிரேடியன் என்பது 100 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. எல்இ10-க்கு 1.2, எல்எச்15-க்கு 0.8, ஆக்சியானுக்கு 0.49 ஏறக்குறைய. இத்துடன் 1958-இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளின் குறுகிய பக்கத்தில் 2 பிக்சல் விழுந்தால் "ஏதோ இருக்கிறது" என்று தெரியும். 8 விழுந்தால் எந்த வகை என்று பிரிக்கலாம். 13 அளவுக்கு விழுந்தால்தான் இன்னதென்று சொல்லலாம். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான். பெட்டியில் உள்ள தூரம் இந்த முதற்படியைச் சார்ந்தது, அதுவும் 1.8 மீட்டர் அளவுள்ள உருவத்துக்கு.

நம் மரநாய் தரையிலிருந்து முதுகுவரை சுமார் 20 செ.மீ. உயரம். எல்இ10-இல் அது என்ன வகை என்று பிரிக்க 21 மீட்டருக்குள் வரவேண்டும். இன்னதென்று உறுதியாகச் சொல்ல 13 மீட்டர். எல்எச்15-இல் இவை 31, 19. ஆக்சியானில் 51, 32. "ஏதோ ஒன்று சூடாக இருக்கிறது" என்ற அளவில் மட்டும் போதுமென்றால் எல்எச்15-லேயே 125 மீட்டர் கிடைக்கும். ஆயிரம் மீட்டர் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அது ஆளுயரப் பன்றிக்கு.

இந்தக் கணக்கோடு நிறுத்தினால் ஆக்சியான்தான் வெல்லும். ஆனால் பார்வைக்களம் என்று ஒன்று இருக்கிறது. எல்இ10, எல்எச்15 இரண்டுக்கும் 17.5 பாகை, 20 மீட்டர் தள்ளி 6.1 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் அகப்படும். ஆக்சியானுக்கு 10.7 பாகை, அதாவது 3.7 மீட்டர். கிளை கிளையாகத் தாவும் மரநாயை 3.7 மீட்டர் சன்னலுக்குள் துரத்துவது, குழாய் வழியாகக் கொசுவைத் தேடுவது போல. இதைவிட எரிச்சலானது குவியம். 10 மி.மீ. லென்ஸை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் 4 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. 15 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 9 மீட்டரிலிருந்து தெளிவு. 35 மி.மீ. லென்ஸில் அது 36 மீட்டர் பக்கம் போய்விடுகிறது. அதாவது நாம் பார்க்கிற தூரம் முழுவதும், விலங்கு ஒவ்வொரு முறை நகரும்போதும் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். திறந்த வயலில் 300 மீட்டரில் மேயும் பன்றிக்கு இது ஒரு தொல்லையே இல்லை. அலையாத்திக்குள் தொல்லை மட்டும்தான்.

ஆகவே எங்கள் தேர்வு எல்எச்15. எல்இ10 மலிவு, பார்வைக்களமும் அதேதான்; ஆனால் பிக்சல் குறைவு என்பதால் கிளையில் உட்கார்ந்திருப்பது ஆந்தையா, சுருண்டு கிடக்கும் அணிலா என்று 25 மீட்டரில் தடுமாறவேண்டிவரும். முதல்முறை வாங்குகிறவர், பிள்ளைகளோடு மாதம் ஒருமுறை நடக்கிறவர் என்றால் எல்இ10 போதும். ஆக்சியான் தரமான கருவி: மக்னீசிய உடல், கழற்றி மாட்டும் மின்கலம். நீர்த்தேக்கக் கரையில் நின்று எதிர்க்கரையைத் துழாவுகிறவருக்கு அது சரி. லின்க்ஸின் உள்ளேயே பொதிந்த மின்கலம்தான் எங்களுக்குப் பிடிக்காத ஒன்று. மின்கலம் வயதாகிச் சோர்ந்தால் கருவியே முகவரிடம் போகவேண்டும். நடை நீண்டால் டைப்-சி வழியாகப் பவர் பேங்கில் இழுத்துக்கொள்ளலாம், தொங்கும் கம்பியோடு.

அடுத்து, நம் தட்பவெப்பம். எல்லா விற்பனையாளரும் மில்லிகெல்வினைப் பற்றிப் பேசுவார்கள், அதாவது ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 20, 25, 35. எண் குறையக் குறைய, நுண்ணிய வெப்ப வேறுபாட்டைச் சென்சர் பிரித்துக் காட்டும். ஆனால் மரநாயின் ரோமம் சுற்றுப்புறத்தைவிட சில பாகை கூடுதலாகவே இருக்கும். 50 மில்லிகெல்வின் கருவியிலும் அது பளிச்சென்று தெரியும். நுண்மை தேவைப்படுவது விலங்குக்கு அல்ல, பின்னணிக்கு. நள்ளிரவில் இங்கே காற்று 26 பாகை, இலை 26 பாகை, மரப்பட்டை 27. மழை பெய்து ஓய்ந்தால் எல்லாமே ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். சாம்பல் சுவரில் ஒரு வெள்ளைப் பொட்டு அந்தரத்தில் தொங்கும். அது எந்தக் கிளையில், எத்தனை தூரத்தில் என்று தெரியாது. 25-க்கும் 35-க்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் புரியும். மழை மாதங்களான நவம்பர் முதல் ஜனவரி வரை அதிகம் நடக்கிறவர் குறைந்த எண்ணுக்குச் செலவழிக்கலாம். மற்றவர்கள் அந்தக் காசைக் கூடுதல் பிக்சலில் போடட்டும்.

மாலை 7 மணிக்கே கிளம்புகிறவர்கள் ஏமாறுவார்கள். நடைபாதை சிமெண்ட்டும் பாறையும் பகல் வெயிலை விழுங்கி வைத்திருக்கும். இரவு 9, 10 மணிவரை அவையும் விலங்குபோல் ஒளிரும். விளக்குக்கம்பம், மின்சாரப் பெட்டி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் ஏர்கான் வெளிப்பெட்டி எல்லாம் ஆயுளுக்கும் ஒளிரும். பழகப் பழகக் கண் தானாக அவற்றை ஒதுக்கிவிடும்.

தெர்மலுக்குத் தெரியாதவற்றையும் சொல்லவேண்டும். பாம்பு தெரியாது. மலைப்பாம்பின் உடல் சுற்றுப்புற வெப்பத்திலேயே கிடக்கும். காலடியில் இருந்தாலும் இலைச்சருகோடு சருகாகத்தான் திரையில் வரும். கையில் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குத் தெர்மல் இருந்தாலும், பாதைக்கு ஒரு சாதாரண டார்ச் கட்டாயம். அழுங்கும் மற்றப் பாலூட்டிகள்போல் ஒளிராது: உடல் வெப்பம் குறைவு, செதில் வேறு மூடியிருக்கும். ஆந்தைக்கு இறகு கம்பளி மாதிரி. முகமும் காலும்தான் வெளுத்துத் தெரியும். கண்ணாடி வழியாக எதுவுமே தெரியாது. சாதாரணக் கண்ணாடி இந்த அகச்சிவப்பு அலைகளை விடாது என்பதால், கார் சன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் உங்கள் முகத்தின் வெப்பம்தான் திரும்பிவரும். அதற்காகத்தான் இந்தக் கருவிகளில் ஜெர்மானியம் லென்ஸ்.

அந்த ஜெர்மானியம் லென்ஸ்தான் இந்த ஊரில் அதிகமாகப் புகார் கிளப்புவது. "சென்சர் போய்விட்டது, படம் வெளிறிவிட்டது" என்று கடைக்குக் கொண்டுவரப்படும் கருவிகள் பலவற்றுக்கு உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே இரவில் 24, 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின்மேலும் காற்றின் ஈரம் படிந்துவிடும். ஏர்கான் காரிலிருந்து 21 பாகையில் இறங்கும் லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒட்டும். சாதாரணக் கேமராவில் அது புகைமூட்டமாகத் தெரியும். தெர்மலில் நீர்ப்படலமே திரையாகிவிடுவதால் படம் முழுக்கச் சாம்பலாக வழியும். செய்யவேண்டியது இவ்வளவுதான்: வீட்டிலேயே கருவியை ஸிப் பையில் போட்டு மூடுங்கள், காரில் ஏர்கான் காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள், இறங்கியதும் பையைத் திறக்காமல் 20, 30 நிமிடம் விடுங்கள். கருவி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்தபிறகே ஸிப்பைத் திறக்கவேண்டும். சட்டை நுனியால் துடைப்பது பூச்சுக்குக் கேடு.

இன்னொரு உள்ளூர் எதிரி கொசுமருந்து. டீட் கலந்த தெளிப்பானை உள்ளங்கையில் தேய்த்துவிட்டு மோனோகுலரைப் பிடித்தால், சில மாதத்தில் ரப்பர் உறை பிசுபிசுக்கும், பிளாஸ்டிக் விளிம்பு மங்கும், கண்வளையம் உருகியதுபோல் ஆகும். இதை உத்தரவாதத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள். பிகாரிடின் வகை மருந்து பிளாஸ்டிக்கை அரிக்காது. அதை வாங்குங்கள், அல்லது புறங்கையில் மட்டும் பூசுங்கள். வீடு திரும்பியதும் ஈரப்பதம் 40, 50 விழுக்காட்டில் நிற்கும் டிரை காபினெட்டில் வைப்பது நல்லது. இல்லையென்றால் கண்பக்க லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கலாம்.

கடையில் என்ன சோதிப்பது? இந்தக் கருவிகள் இங்கே எல்லாக் கடை அலமாரியிலும் இருக்காது. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். எடுத்ததும் லென்ஸ் மூடியைப் போட்டபடியே பாருங்கள். சீரான சாம்பல் தெரியவேண்டும். அசையாத வெள்ளைப் புள்ளி இருந்தால் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். பிறகு உள்ளங்கையைக் கடை மேசையில் ஐந்து விநாடி அழுத்தி எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கருவியில் பாருங்கள். ஐந்து விரலும் வெள்ளையாக அச்சடித்ததுபோல் நிற்கும், மெல்ல விளிம்பிலிருந்து கரையும். கண்ணாடி மேசையில் சீக்கிரம் மறையும், மரத்தில் நிற்கும். இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கையச்சைப் பார்த்தால், எது கடைசிவரை விரல்களைப் பிரித்துக் காட்டுகிறதோ அதன் சென்சர் நுண்மையானது. மில்லிகெல்வின் எண்ணைவிட இந்தக் கையச்சு நேர்மையானது.

அடுத்து, கருவியை வேகமாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். 50 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 50 படம் ஓடினால், படம் கூடவே வரும். 9 ஹெர்ட்ஸில் இழுபடும், பறக்கிற எதையும் பின்தொடர முடியாது. அவ்வப்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டுப் படம் அரை விநாடி உறையும். அது பழுதல்ல, உள்ளே ஒரு மூடி இறங்கிச் சென்சரைச் சமன்படுத்துகிறது. ஆனால் பத்து மீட்டரில் இருக்கிற சருகுமானுக்கு அந்த டிக் கேட்கும். தானாக நடக்காமல் பொத்தானால் இயக்கும் வசதி மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி அணிகிறவர் கழற்றிவிட்டு, பார்வைக்கேற்பத் திருப்பும் டயாப்டர் வளையம் தன் கண்ணுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கவேண்டும். திரை வெளிச்சத்தை ஆகக் குறைவுக்குக் கொண்டுவந்தும் கண் கூசினால், காட்டில் ஒவ்வொரு முறை கருவியை இறக்கும்போதும் அந்தக் கண் சற்று நேரம் குருடாகிவிடும். திரையில் எத்தனை பிக்சல் என்று பெருமையாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு, சென்சரில் எத்தனை என்று கேளுங்கள்.

உள்ளூரில் வாங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள "எலுமிச்சைச் சட்டம்" படி, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும்; இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. வெளிநாட்டு இணையக் கடையில் அது எடுபடாது. அங்கே விலை குறைவாகத் தெரிந்தாலும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்துப் பாருங்கள். உத்தரவாதம் எந்த வட்டாரத்துக்கு என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

தெர்மல் வேண்டாம், மலிவாக டிஜிட்டல் இரவுநோக்கி போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது கேமரா சென்சரும் அகச்சிவப்பு விளக்கும் சேர்ந்தது. நம் வானம் நகர வெளிச்சத்தில் எப்போதும் மங்கலாக ஒளிர்வதால், மேகமூட்டமான இரவில் பூங்கா ஓரத்தில் விளக்கில்லாமலேயே ஓரளவு வேலை செய்யும். மரத்தடிக்குள் போனால் விளக்கைப் போடவேண்டும். போட்டதும் மூன்று மீட்டரில் இருக்கும் இலை வெளிச்சத்தை முகத்தில் திருப்பி அடிக்கும், அதன் பின்னால் எல்லாம் கறுத்துவிடும். கதிரைக் குறுக்க முடிகிற விளக்காக இருந்தால் இதைத் தவிர்க்கலாம். 850 நானோமீட்டர் விளக்கில் மெல்லிய சிவப்புக் கங்கு தெரியும், எட்டும் தூரம் அதிகம்; 940-இல் கங்கு தெரியாது, தூரம் வெகுவாகக் குறையும். ஆனால் முகக்கோடு, வால்வளையம், கண்ணொளி எல்லாம் காட்டுவது இதுதான். தெர்மலில் கண்டுபிடித்து டிஜிட்டலில் அடையாளம் காண்பது நல்ல கூட்டணி. பச்சைப் படம் காட்டும் டியூப் வகைகள் விலையிலும் ஏற்றுமதிக் கெடுபிடியிலும் நமக்கு எட்டாதவை. மலிவான முதல் தலைமுறை டியூப் கிடைக்கிறதே என்று வாங்கினால் வருத்தம்தான்.

வெளிநாட்டு வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே ஆக்சியான் போன்ற நீண்ட லென்ஸ் பொருள்படும்: 300 மீட்டரில் ஒரு பிக்சல் 15 செ.மீ., 60 செ.மீ. உயரப் பன்றிமேல் நான்கு பிக்சல். இருப்பது தெரியும், பன்றியா கன்றுக்குட்டியா என்பது தெரியாது. 640 சென்சரும் 50 மி.மீ. லென்ஸும் இருந்தாலும் எட்டுதான். அந்த எட்டை நம்பி விசையை இழுப்பவரோடு கூடப் போகாதீர்கள். தேடுவதற்குக் கைமோனோகுலரே வேண்டும். துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப்பால் துழாவினால், பார்க்கிற ஒவ்வொன்றின்மீதும், கூட வந்த மனிதர்மீதும் குழல் திரும்பும். ஸ்கோப்பை இங்கே வாங்கி எடுத்துப்போகும் யோசனையே வேண்டாம். அங்குள்ள வழிகாட்டியிடமே வாடகைக்கு எடுங்கள். 9 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் தெர்மல் கேமராக்கள் பலநாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் வருகின்றன. கைக்கருவியைக் கொண்டுபோவதற்கு முன்பே சிங்கப்பூர்ச் சுங்கத்துறையிடமும் போகிற நாட்டிடமும் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். உதிரி மின்கலம் கைப்பையில்தான் போகவேண்டும், முனைகளை மூடி.

நியூசிலாந்தின் பொதுப் பாதுகாப்பு நிலங்களில் இரவு வேட்டைக்கு அனுமதி கிடையாது. சூரியன் எழ அரைமணி இருக்கும்போது தொடங்கி, மறைந்த அரைமணி வரைதான். அங்கே தெர்மல் உதவுவது அந்த முதல் அரைமணியில். இரவு முழுதும் குளிர்ந்த மலைச்சரிவில் மான் மெழுகுவத்திபோல் நிற்கும். வெயில் ஏறிப் பாறைகள் சூடானதும் எது பாறை, எது மான் என்று தெரியாது. கருவியைப் பைக்குள் போட்டுவிட்டுப் பைனாகுலரை எடுக்கவேண்டியதுதான்.